ஏழாம் நம்பர் வைஃபை பெட்டி

போன் அடித்தபோது மீட்டர்காரர் வீட்டு ஹாலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மூன்று பேர் காதில் விழக் கூடாத போன் அது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நூலகத்துலேருந்து பேசறோம் சார். நீங்க எடுத்துட்டுப் போன வைஃபை பெட்டிக்குத் தேதி முடிஞ்சு நாலு நாள் ஆச்சு. எப்ப கொண்டுவந்து தர்றீங்க?"

மீட்டர்காரருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பழக்கமில்லாதவர்கள் அவசரத்தில் சொல்லும் பொய்க்கு ஒரு அளவே இருக்காது. அவர் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.

"அவர் இல்லீங்களே. நான் அவரோட தம்பி பேசறேன்."

"அப்படியா? எப்ப வருவார்?"

"வெளியூர் போயிருக்கார். திங்கட்கிழமை வந்துடுவார்."

"வந்ததும் மறக்காம சொல்லுங்க. அடுத்து ஒரு பொண்ணு அந்தப் பெட்டிக்காகக் காத்துட்டிருக்கு."

அவர் ஹாலுக்குத் திரும்பியதும் கீழ்வீட்டு டெய்லர் கையிலிருந்த துணியிலிருந்து தலை நிமிர்ந்தார்.

"யாரு அண்ணே போன்ல?"

"ராங் நம்பர்."

"ராங் நம்பர்கிட்டயா இவ்வளவு நேரம் பேசுனீங்க?"

"பாவம். அவங்களுக்கும் பேச ஆள் இல்ல போல."

மீட்டர்காரருக்குத் தம்பி கிடையாது. ஒரே ஒரு தங்கை, கடல் தாண்டி இருக்கிறாள். ஞாயிறுதோறும் போன் செய்து "சாப்டியா, மாத்திரை போட்டியா, சரி வச்சிடறேன்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். பதில் சொல்ல இவர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் ஓய்ந்திருக்கும். கல்யாணம் வேண்டாம் என்று இவர் ஒருநாளும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை, இவரும் யாரையும் கேட்கவில்லை, அப்படியே அறுபத்து மூன்று வயதாகிவிட்டது.

முப்பத்து நான்கு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதிய மனிதர். ஒரு நாளைக்கு நூற்றைம்பது கதவு. எல்லாக் கதவும் அவருக்குத் திறந்தன, மீட்டர் இருக்கிற இடம் வரைக்கும். "மீட்டர்காரர் வந்திருக்கார்" என்று உள்ளே குரல் போகும். உள்ளே வாங்க, உட்காருங்க என்று எந்தக் குரலும் வெளியே வந்ததில்லை. வேலை செய்த காலத்தில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான், தன் கதவைத் தட்ட ஒரு மீட்டர்காரர்கூடக் கிடையாது என்பது உறைத்தது. இப்போதெல்லாம் மீட்டர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே அனுப்பிக்கொள்கின்றன.

ஆனாலும் தொட்டில் பழக்கம் போல ஒட்டிக்கொண்ட வேலை விடுமா? தினமும் காலையில் தன் வீட்டு மீட்டரைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுவார். ஒரு நாளைக்கு ஒன்றேகால் யூனிட். ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு கெட்டில். தனி ஆள் ஒருவர் உயிரோடிருப்பதற்கு அதற்கு மேல் ஆவதில்லை. எழுதி முடித்ததும் நூலகத்துக்குக் கிளம்பிவிடுவார். பத்திரிகை மேஜையில் ஜன்னலோர நாற்காலி. அங்கே யாரும் அவரோடு பேசுவதில்லை என்றாலும், எதிரே நாலு பேர் பக்கம் புரட்டும் சத்தம் இருக்கும்.

அங்கேதான் ஒருநாள் கவுன்டரில் இருந்த அம்மா அவரைக் கூப்பிட்டார்.

"சார், வைஃபை பெட்டி புதுசா வந்திருக்கு. புத்தகம் மாதிரியே கார்டுல எடுத்துட்டுப் போகலாம். பதினாலு நாள். வேணுமா?"

மீட்டர்காரரிடம் இருந்தது பட்டன் போன். அதில் பேசலாம், மணி பார்க்கலாம். வைஃபையை வைத்து அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆனால் வேண்டுமா என்று யாராவது அவரைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"குடுங்க" என்றார்.

சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, முதுகில் ஏழு என்று ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து ஹாலில் செருகினார். விளக்கு எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தார். அத்துடன் அந்தப் பெட்டியின் உபயோகம் முடிந்தது என்றுதான் நினைத்தார்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. மணி வேலை செய்கிறதா என்று அவரே மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதுண்டு. வேறொருவர் அழுத்தி அது அடித்தபோது அவருக்கு ஒரு கணம் என்ன சத்தம் என்றே புரியவில்லை.

வாசலில் மேல்மாடி நர்ஸ், போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"சார், நூலகம் ஏழுன்னு ஒரு வைஃபை காட்டுதே, உங்க வீட்லயா? தெருவைத் தோண்டினப்போ நம்ம பில்டிங் கேபிளை வெட்டிட்டாங்க இல்ல, மூணு வாரமா நெட்டே இல்ல. எங்க வீட்டுக்காரர் கப்பல்ல இருக்கார். இப்ப விட்டா அவர அப்புறம் பிடிக்க முடியாது."

"உள்ள வாங்க சிஸ்டர்" என்றார் மீட்டர்காரர். முப்பத்து நான்கு வருஷம் தனக்குச் சொல்லப்படாத வார்த்தை தன் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

நர்ஸ் அரை மணி நேரம் கணவனோடு பேசினாள், அழுதாள், சிரித்தாள், போகும்போது "பெட்டியக் கதவோரமா வச்சீங்கன்னா படிக்கட்டு வரைக்கும் எடுக்கும், உங்களுக்குத் தொந்தரவு இருக்காது" என்று யோசனையும் சொன்னாள். அவள் தலை மறைந்ததும் மீட்டர்காரர் பெட்டியை இருந்த இடத்திலிருந்து பிடுங்கி, ஹாலின் உள்மூலையில், அலமாரிக்குப் பின்னால் செருகினார். இனி வேண்டுமென்பவர்கள் உள்ளே வந்துதான் ஆக வேண்டும். அவர் வாழ்க்கையில் செய்த முதல் சூழ்ச்சி அது.

சூழ்ச்சி பலித்தது. மறுநாள் டெய்லர் வந்தார், வாடிக்கைக்காரர்கள் அனுப்பும் டிசைன்களைப் பார்ப்பதற்கு. அதற்கு மறுநாள் எதிர்வீட்டுப் பரீட்சைக்காரன். வயது முப்பத்தொன்று. அரசு வேலைக்கு எட்டு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறான், பரீட்சைகளும் சளைக்காமல் வந்துகொண்டிருக்கின்றன. பக்கத்து வீட்டில் இரண்டு நாற்காலி இரவல் வாங்கினார் மீட்டர்காரர். பிஸ்கட் வாங்கினார். பெரிய கெட்டில் வாங்கினார். ஒரே வாரத்தில் மீட்டர் மூன்றரை யூனிட்டைத் தொட்டது. அன்று காலை அந்த எண்ணை நோட்டில் எழுதி, எழுதியதைச் சும்மா இரண்டு முறை படித்தார்.

பதினாலாம் நாள் தேதியை நீட்டிக்க நூலகத்துக்குப் போனார்.

"முடியாது சார். பதினஞ்சு பெட்டிதான் இருக்கு, நாப்பது பேர் பேர் குடுத்திருக்காங்க. கேக்க ஆள் இருந்தா நீட்டிக்கக் கூடாதுன்னு விதி."

"நாளைக்குக் கொண்டுவந்துடறேன்" என்றார். அப்போது அது பொய்யில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கழற்றக் குனிந்தார். நாலு நாற்காலியும் கண்ணில் பட்டன. பெட்டி போனால் இவர்கள் எதற்கு வருவார்கள்? வைஃபை இல்லாத மீட்டர்காரரிடம் யாருக்கு என்ன வேலை? திரும்பவும் ஆறு மணிக்கு விளக்கைப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். நிமிர்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து நூலகத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. தெருக்கோடிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து காலைகளை ஓட்டினார். ஜன்னலோர நாற்காலியில் இப்போது யார் உட்கார்கிறார்களோ என்று நினைத்துக்கொள்வார். ஆனால் ஆறு மணிக்கு மணி அடிக்கும். அந்த ஒரு சத்தத்துக்காகக் காலைகளை மொத்தமாகவே விட்டுக்கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை போன் சொன்னபடி வந்தது.

"தம்பிங்களா? அண்ணன் வந்துட்டாரா?"

மூக்கைப் பிடித்தார். "வந்தார். வந்த இடத்துல காய்ச்சல்."

"அடடா! நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

அந்த வாரம் முழுவதும் அவருக்கு வேறொரு எரிச்சல். இவர் இத்தனை பாடுபட்டுப் பெட்டியைக் காப்பாற்றுகிறார், இவர்களோ அதைச் சட்டையே செய்வதில்லை. நர்ஸ் வந்ததும் செருப்பை உதறிவிட்டு, நாற்காலியில் கால் நீட்டிக் கண்ணை மூடிக்கொள்கிறாள். டெய்லர் ஒரு மூட்டைத் துணியைக் கொண்டுவந்து பட்டன் தைக்கிறார். பரீட்சைக்காரன் பொது அறிவுப் புத்தகத்தை இவர் கையில் கொடுத்து "கேள்வி கேளுங்க அங்கிள்" என்கிறான். மூன்று போனும் மேஜைமேல் குப்புறக் கிடக்கின்றன.

"சிஸ்டர், வீட்டுக்காரர்கிட்டப் பேசலையா?"

"கப்பல் நடுக்கடல்ல இருக்கு சார். அங்க ஒண்ணும் எடுக்காது."

"தம்பி, நீ?"

"கண்ணு வலிக்குது அங்கிள். டாக்டர் ஸ்கிரீன் பாக்க வேணாம்னுட்டார்."

மீட்டர்காரருக்குப் பொறுக்கவில்லை. எங்கோ ஒரு பெண் இந்தப் பெட்டிக்காகக் காத்திருக்கிறாள், அவள் வயிற்றில் அடித்து இங்கே வைத்திருக்கிறோம், இது சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது. முப்பத்து நான்கு வருஷம், ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினாலே மனசு பதறிய மனிதர்.

"எடுங்க எல்லாரும் போன! பெட்டி எதுக்கு இருக்கு? வீணாப் போகுது!"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளைகளாகப் போனை எடுத்து உற்றுப் பார்த்தார்கள். சற்று நேரம் கழித்து டெய்லர் சிரித்தார்.

"என்ன டெய்லர்?"

"ஒரு சட்டை அண்ணே. ரெண்டு கையும் ஒரே பக்கம் வச்சுத் தச்சிருக்கான்."

"எங்க, காட்டுங்க."

"போயிடுச்சு அண்ணே. மேல தள்ளிட்டேன்."

அடுத்த முறை போன் வந்தபோது தேதி முடிந்து பதினெட்டு நாளாகியிருந்தது.

"இன்னுமா காய்ச்சல்?"

"காய்ச்சல் விட்டுடுச்சுங்க. இப்ப கால்ல அடி. எழுந்து நடக்க முடியல."

"காய்ச்சல்ல எப்படிக் கால்ல அடி?"

"காய்ச்சலோட நடந்தார். விழுந்துட்டார்."

கவுன்டர் அம்மா அந்தப் பக்கம் உச்சுக்கொட்டினார். குரல் இளகியிருந்தது.

"அதான் ஆளையே காணோம். ஜன்னலோர நாற்காலி காலியாவே கிடக்கு. கவலப்படாதீங்க தம்பி, நடக்க முடியாதவங்களுக்கு நாங்களே வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் குடுக்கறோம். வியாழக்கிழமை சாயங்காலம் நானே வந்து பாக்கறேன். அப்படியே பெட்டியையும் வாங்கிக்கறேன்."

மீட்டர்காரர் மூக்கிலிருந்து கையை எடுக்கவும் மறந்து நின்றார்.

புதன்கிழமை மூவரிடமும் சொன்னார். "நாளைக்கு யாரும் வராதீங்க. எனக்கு வேலை இருக்கு."

"உங்களுக்கா? என்ன வேலை அண்ணே?" என்றார் டெய்லர்.

"சொந்த வேலை."

முப்பது நாளுக்கு மேல் தவறாமல் திறந்த கதவை இவரே சாத்த நேர்ந்ததை நினைத்து அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை வேலை நிறைய இருந்தது. பெட்டியைக் கழற்றி மாவு டப்பாவுக்குள் புதைத்தார். வலது காலில் ஒரு துண்டைச் சுற்றினார். கழுத்து வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கதவைத் தாழ்போடாமல், மூன்று மணிக்கே ஹால் கட்டிலில் படுத்துவிட்டார். கவுன்டர் அம்மா ஐந்தரைக்கு வந்தபோது வியர்வையில் ஊறிப்போயிருந்தார்.

"ஐயோ, நெத்தி கொதிக்குதே சார்! தம்பி எங்க?"

"மருந்து வாங்கப் போயிருக்கான்."

"பெட்டி?"

"அதையும் அவன்தான் கொண்டுபோயிருக்கான்."

"மருந்துக் கடைக்கா?"

அவர் முனகினார். பதில் தெரியாத இடத்தில் முனகிவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தார். கவுன்டர் அம்மா மூன்று புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்தார். "பத்திரிகை மேஜையில எல்லாரும் உங்கள விசாரிச்சாங்க" என்றார். யாரும் பேசாத அந்த மேஜையில் தன்னை விசாரித்தார்களா? மீட்டர்காரர் முனகுவதை நிறுத்திவிட்டார்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். வராதே என்று சொன்ன குரலே சரியில்லை என்று நர்ஸுக்குச் சந்தேகம், அவள் மற்ற இருவரையும் இழுத்து வந்திருந்தாள். கட்டிலைப் பார்த்ததும் ஒரே பாய்ச்சலில் வந்து நாடியைப் பிடித்தாள், கம்பளியை விலக்கினாள், காலில் இருந்த துண்டை அவிழ்த்தாள். கால் கல்லுப் போல் திடமாக இருந்தது.

"இவருக்கு ஒண்ணுமே இல்லையே!"

கவுன்டர் அம்மா எழுந்து நின்றார். "என்ன சார் இது? உங்க தம்பி..."

"தம்பி கிடையாதுங்க" என்று எழுந்து உட்கார்ந்தார் மீட்டர்காரர். "காய்ச்சலும் கிடையாது. பேசுனதெல்லாம் நான்தான், மூக்கப் பிடிச்சுக்கிட்டு."

எழுந்து சமையலறைக்குப் போய், மாவு டப்பாவில் முழங்கை வரை கையை விட்டுப் பெட்டியை எடுத்து வந்து நீட்டினார். கவுன்டர் அம்மா அதை வாங்கி ஊதினார். ஹாலில் மாவு பறந்தது.

"எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க, கார்டை வேணும்னாலும் பிடுங்கிக்கங்க. அந்தப் பொண்ணுகிட்ட நானே வந்து மன்னிப்புக் கேக்கறேன். ஆனா இவங்க பேர்ல இன்னொரு பெட்டி குடுங்கம்மா. சிஸ்டரோட வீட்டுக்காரர் கப்பல்ல இருக்கார். இந்தப் பையனுக்குப் பரீட்சை. டெய்லருக்குத் தொழிலே அதுலதான்."

அவர் நிறுத்தினார். இவ்வளவு சொல்லிவிட்டு மிச்சத்தை மறைப்பானேன் என்று தோன்றியது.

"அதுவும் பொய்தான். எனக்காகத்தான் கேக்கறேன். பெட்டி இல்லாட்டி இவங்க வரமாட்டாங்க. நான் யாருக்கும் எதுக்கும் வேண்டியவன் இல்ல. சாயங்காலம் ஆனா இந்த வீட்ல இருக்க முடியலம்மா."

நர்ஸ் துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். டெய்லர் தரையில் ஊசி தேடுபவரைப் போலக் குனிந்துகொண்டார். கவுன்டர் அம்மா அந்த மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க மூணு பேரும் இந்த பில்டிங்கா?" என்றார். "சார், இவங்கள எனக்கு நல்லாத் தெரியுமே. மூணு வாரமா தினம் காலைல எங்க நூலகத்துக்கு வந்து, ஆளுக்கொரு கம்ப்யூட்டர்ல உக்காந்துதான் வேலைய முடிச்சுட்டுப் போறாங்க. இந்த அம்மா வீட்டுக்காரரோட பேசறதே எங்க நாலாம் நம்பர் கம்ப்யூட்டர்லதான்."

"கப்பல் நடுக்கடல்லன்னு..." மீட்டர்காரர் நர்ஸைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. "வேலையக் காலைலயே அங்க முடிச்சுட்டா, அப்புறம் ஏன் சாயங்காலம் என் பெட்டியத் தேடி வரணும்?"

கவுன்டர் அம்மா புடவைத் தலைப்பால் பெட்டியில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தேதி முடிஞ்ச மறுநாளே நாங்க அங்கேருந்து லைனைக் கட் பண்ணிடுவோம் சார், இருபத்திரண்டு நாளா இந்தப் பெட்டியில ஒண்ணுமே வரலையே!"